ஈசானி மூலைக்கு வாட்டம்

உட்காருங்க சார். அந்தப் பை என்னோடதுதான், இந்தா எடுத்துட்டேன். நீங்க வீட்டம்மாகிட்ட போன்ல தமிழ் பேசினது காதுல விழுந்துச்சு, அதான் கூப்பிட்டேன். திருச்சியிலேருந்து வந்தீங்களா? மெல்போர்னுக்கா, மகன் வீட்டுக்கா? நல்லது. நான் அங்கேருந்துதான் வர்றேன். எனக்குத் திருச்சி பிளேனுக்கு இன்னும் மூணு மணி நேரம் கிடக்குது. இந்தச் சிங்கப்பூர்க்காரன் தரையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். கண்ணாடி மாதிரி போட்டிருக்கான், இல்லைங்கல. ஆனா வாட்டம் இல்லை சார். ஒரு குடம் தண்ணியைக் கொட்டுங்க, கொட்டின இடத்துலயே நிக்கும்.

பேரு அடைக்கலம். புதுக்கோட்டை. கொத்தனார் மேஸ்திரி. நாற்பது வருஷத்துல எத்தனை வீடு கட்டியிருப்பேன்னு எனக்கே தெரியாது. ஒரு வீட்டுலயும் தரையில தண்ணி நின்னுச்சுன்னு ஒருத்தன் வந்து சொன்னதில்லை.

ஒரே பொண்ணு, சுகந்தி. தலைப்பிரசவம். அவ அம்மா போய்ச் சேர்ந்து மூணு வருஷம் ஆச்சு. சரி, அம்மா இல்லைன்னா அப்பன் போறேன்னு கிளம்பிட்டேன். பிரசவ மருந்துப் பொடி என்ன, கருப்பட்டி என்ன, பழைய வேட்டியைக் கிழிச்சு மடிச்ச துணி என்ன, எல்லாம் கட்டிக்கிட்டுப் போனேன். பேரப்பிள்ளையைக் கையில வாங்கிட்டுத்தான் வருவேன்னு தெருவெல்லாம் சொல்லிட்டுப் போனேன். டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. ஆமா சார், இன்னும் பொறக்கல. நான் திரும்பிட்டேன்.

என்ன அப்படிப் பார்க்குறீங்க? நானா திரும்புவேனா? அனுப்பிட்டாங்க. எல்லாம் ஒரு வண்டியால வந்த வினை.

சினிமாக்காரங்க வெச்சிருக்காங்கல்ல, கேரவன்? அதே மாதிரி, ஆனா இன்ஜின் கிடையாது. காருக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போறது. உள்ள ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கை கழுவத் தொட்டி, கேஸ்ல ஓடுற ஃப்ரிட்ஜ். என் மாப்பிள்ளை முகுந்தன் இருக்கானே, அவனுக்கு அதுதான் சாமி. நாலு பெட்ரூம் வீடு இருக்கு சார் அவனுக்கு. சனி ஞாயிறு வந்தா அதைப் பூட்டிட்டு, இந்தத் தகரப் பெட்டியை இழுத்துக்கிட்டு எங்கேயாச்சும் காட்டுல போய்ப் படுக்கணும். வீடு இல்லாதவன் ரோட்டுல படுக்கிறான், சரி. இவனுக்கு என்ன வேண்டுதல்? கேட்டா, ரிலாக்ஸ் மாமாங்கிறான். மூஞ்சிக்கு நேரா நானும் வாங்க மாப்பிள்ளை, போங்க மாப்பிள்ளைதான். மாப்பிள்ளையாச்சே. உங்ககிட்டதான் அவன் இவன்ங்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

முதல் தடவை போனது ஒரு ஆத்தோரம். அங்க பாருங்க, தரைங்கிறது எங்கேயும் சமமா கிடையாது. காடுதானே, மேடும் பள்ளமுமாத்தான் கிடக்கும். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினா இந்தப் பக்கம் சாயுது, அந்தப் பக்கம் சாயுது. அதை மட்டத்துக்குக் கொண்டு வரணும். நம்ம பொழப்பே அதானே, இதுல என்ன இருக்குன்னு நானும் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். என்ன கூத்து அடிச்சான்னு கேளுங்க. போனை எடுத்துக் கட்டில்மேல வெச்சான். போனுக்குள்ள ஒரு குமிழி ஓடுது. போன் சார்! பேசுற போன்! அதைப் பார்த்துட்டு, பள்ளத்துப் பக்கச் சக்கரத்துக்கு முன்னாடி மஞ்சள் கலர்ல ஒரு பிளாஸ்டிக் ஆப்பு வெச்சான். பிள்ளைங்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கு. காரை எடுத்து மெதுவா இழுத்து, சக்கரத்தை அதுமேல ஏத்தினான். இறங்கி வந்து போனைப் பார்த்தான். திரும்ப ஏறினான். திரும்ப இறங்கினான். சுகந்தி வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வெளிய நின்னு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும் போதும்ங்குது. சிரிப்பு வேற ரெண்டு பேருக்கும். அப்புறம் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, காரைக் கழட்டி, வண்டியோட மூக்குக்குக் கீழே இருக்கிற குட்டிச் சக்கரத்தைச் சுத்திச் சுத்தி ஏத்தி இறக்கி, நாலு மூலைக்கும் நாலு காலை இறக்கி... முக்கா மணி நேரம். நான் ஒரு கிச்சனுக்கே தளம் போட்டுட்டு டீ குடிச்சிருப்பேன்.

எல்லாம் முடிச்சிட்டு, ஃப்ளாட்டா இருக்கா மாமான்னு கேட்குறான். எனக்குச் சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல. பெட்டியில வெச்சு எடுத்துட்டுப் போன, நிஜக் குமிழி ஓடுற ரசமட்டத்தை எடுத்தேன். ஆமா சார், கொண்டுதான் போனேன். அது இல்லாம நான் எங்கேயும் போறதில்லை. அந்த ஊரு ஏர்போர்ட்ல நாலு பேரு கூடி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெச்சுப் பார்த்தா, அடப்பாவி, அச்சு மட்டமா நிக்குது! நூல் பிடிச்ச மாதிரி!

என்ன, நல்லதுதானேங்கிறீங்களா? வாத்தியாருங்களா நீங்க? அதான பார்த்தேன். மட்டமாத் தரை போடுறவன் கொத்தனாரே இல்லை சார். தரைன்னா வாட்டம் இருக்கணும். கண்ணுக்குத் தெரியக் கூடாது, தண்ணிக்குத் தெரியணும். தென்மேற்குக் கன்னி மூலை ஒசந்து, ஈசானி மூலை தாழ்ந்து, வடகிழக்கா தண்ணி ஓடணும். இது தெரியாதவன் எந்த ஊர்ல இருக்கான்? தென்மேற்கு தாழ்ந்த வீட்டுல எவன் விளங்கியிருக்கான்? அதுவும் புள்ளைத்தாச்சி படுக்கிற இடம். கட்டிலு கன்னி மூலையில கிடக்குது, அதுக்குக் கீழே ஒரு விரக்கடை ஒசரம் கூட இல்லை. சொன்னேன். மாமா, இது வண்டி மாமான்னு சிரிக்கிறான். படுத்தா அது வீடுதானே?

ரெண்டாவது தடவை நான் விடல. நீங்க உட்காருங்க மாப்பிள்ளை, இது என் தொழிலுன்னு சொல்லிட்டேன். அவன் சுகந்தியைப் பார்த்தான், சுகந்தி, அப்பா ஆசைப்படுறாங்கல்லன்னுச்சு. உச்சி வேளை. சூரியனைப் பார்த்தேன், திசையைப் பிடிச்சேன். தை, மாசியில சூரியன் தெக்கால சாஞ்சுதான் போவும், அதுக்கு முதுகைக் காட்டி நின்னா எதுக்கால வடக்கு. இதுக்குப் போய் போனா? ஈசானி மூலைக்கு வாட்டம் கொடுத்து, பதினஞ்சே நிமிஷத்துல வண்டியை நிறுத்தினேன். ஒண்ணரை அங்குலம். கொஞ்சம் கூடுதல்தான், ஆனா புள்ளைத்தாச்சிக்குக் கூடுதலா இருந்தா நல்லதுதானே. தொட்டியில தண்ணியை விட்டா சல்லுன்னு ஓடுது. பார்க்கவே ஆசையா இருந்துச்சு.

மறுநாள் காலையில ஃப்ரிட்ஜ் வேலை செய்யல. பாலு திரிஞ்சு போச்சு, மசாலா தடவி வெச்ச மீனு நாறிப் போச்சு. அதுக்கு அவன் சொன்ன காரணத்தைக் கேட்டா நீங்க சிரிப்பீங்க. இந்த ஃப்ரிட்ஜ் மட்டமா நின்னாத்தான் மாமா குளிரும், ரொம்பச் சாஞ்சா நின்னு போயிரும்ங்கிறான். ஃப்ரிட்ஜுக்கு மட்டம் தெரியுதாம்! கொத்தனாரு கணக்கா! சாமான் மட்டமான சாமான்னு சொல்லத் தெரியல அவனுக்கு. சுகந்தி வேற ராத்திரி முழுக்க உருண்டு உருண்டு செவுத்துல போய் ஒட்டிக்கிட்டேன், இடுப்பு வலிக்குதுப்பான்னுச்சு. புள்ளைத்தாச்சிக்கு இடுப்பு வலிக்காம பின்ன என்ன வலிக்கும்?

இதை விடப் பெரிய கூத்து ஒண்ணு சொன்னான். அந்த ஊர்ல சூரியன் வடக்கால சாஞ்சு போவுமாம். நான் முதுகைக் காட்டி நின்னது தெக்குப் பார்த்தாம். அப்போ நான் ஈசானின்னு தாழ்த்தினது கன்னி மூலையாம். போனைக் காட்டுறான், முள்ளு ஆடுது. சூரியன் வடக்கால போவுமா சார்? நீங்க பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுத்திருப்பீங்களே. சரி, என்னமோ சொல்றீங்க, விடுங்க. அன்னிக்கு விடியக்காலம் நான் மேற்குன்னு நெனச்ச பக்கத்துலேருந்து வெயில் வந்துச்சுங்கிறது உண்மைதான். அங்க ஒரு குன்று இருந்துச்சு. அதைச் சுத்திக்கிட்டு வந்திருக்கும்.

அதுக்கப்புறம் மாப்பிள்ளை என்கிட்ட ரசமட்டத்தைப் பத்தியே பேசறதில்லை. மரியாதையாத்தான் இருப்பான். காபி போட்டுக் கொடுப்பான், கால் வலிக்குதா மாமாம்பான், சட்டையெல்லாம் அவனே துவைச்சுப் போடுவான். ஆனா வண்டிகிட்ட நான் போனா கூடவே வந்து நிக்கிறது. களவாணிப் பயலைப் பார்க்கிற மாதிரி. எனக்கு எப்படி இருக்கும்? நாற்பது வருஷம் சார். பெரிய பெரிய இன்ஜினியருங்க எல்லாம், மேஸ்திரி நீங்க சொன்னா சரின்னு போயிருக்கான். இந்தப் பொடிப்பய என்கிட்டேருந்து ஒரு பிளாஸ்டிக் ஆப்பைக் காவல் காக்குறான்.

மூணாவது தடவை. பிரசவத்துக்கு அஞ்சு வாரம் இருக்கு. வேணாம்னு சொன்னேன், சத்தியமா சொன்னேன். கிட்டத்துலதான்ப்பா, ஒரு மணி நேரத்துல ஆஸ்பத்திரி, பிள்ளை வந்துட்டா அப்புறம் எங்க போறதுன்னுச்சு சுகந்தி. போனோம். ஒரு ஓடைக்கு மேல சரிவு. அவன் வழக்கம்போல போனை வெச்சு, ஆப்பை வெச்சு, கட்டையைக் கொடுத்து, காரைக் கழட்டி, கால் இறக்கி நிறுத்தினான். சாப்பிட்டோம். சுகந்தி உள்ள போய்ப் படுத்துச்சு, அசந்து தூங்கிருச்சு. அவன் குடிதண்ணி பிடிக்கக் குழாயைத் தேடிப் போனான்.

தட்டு கழுவலாம்னு நான் உள்ள போனேன். தொட்டியில பார்த்தா தண்ணி நிக்குது. போவ மாட்டேங்குது. அப்படியே குளம் மாதிரி. பொண்ணு கட்டில்ல கிடக்குது, ரெண்டு கையையும் வயித்து மேல வெச்சுக்கிட்டு. அந்த மூஞ்சியைப் பார்த்தேன், அவ அம்மா மூஞ்சிதான். எனக்கு என்ன தோணுச்சுன்னா, இந்தக் கிறுக்கனுக்காக என் பொண்ணு ஏன் இப்படி ஒரு விளங்காத இடத்துல கிடக்கணும்? தலைப்பிரசவம். அவ அம்மாவும் இல்லை. நான்தானே பார்க்கணும்? அவன் திரும்பி வர்றதுக்குள்ள ஒரே ஒரு அங்குலம் வாட்டம் கொடுத்துட்டா, அவனுக்குத் தெரியவும் போறதில்லை, என் மனசும் ஆறும்.

ஆப்பை உருவிட்டு ஒரு தட்டைக்கல்லை வைக்கணும், அவ்வளவுதான் வேலை. நாலு மூலைக் காலையும் தூக்கினேன். கட்டையைத் தட்டி எடுத்தேன். ஆப்பு வர மாட்டேங்குது, சக்கரம் அதுமேல கவ்விக்கிட்டு நிக்குது. சரி, ஒரு இணுக்கு நகரட்டும்னு அந்த ஹேண்ட்பிரேக் கம்பியை இறக்கினேன்.

நகர்ந்துச்சு. ஒரு இணுக்கு இல்லை. ஆப்பிலேருந்து தடால்னு இறங்கி, அந்தக் குட்டிச் சக்கரத்துல மூக்கை வெச்சுக்கிட்டு, ஓடையைப் பார்த்துப் போவுது. அதான் சொல்றேன் சார், அந்த இடமே சரிவு. அங்க கொண்டாந்து நிறுத்தினது யாரு? நானா? குட்டிச் சக்கரம் வெச்சு வண்டி செஞ்சது யாரு? அதையெல்லாம் ஒருத்தனும் கேட்கல.

நான் ஒதுங்கிட்டேன்.

ஒதுங்கித்தான் ஆகணும் சார். சாரம் சரிஞ்சாலும் சரி, செவுரு சாஞ்சாலும் சரி, கை வெக்காதே, ஒதுங்கு. நான் வேலைக்கு எடுத்த ஒவ்வொரு ஆளுகிட்டயும் முதல் நாள் சொல்ற முதல் பேச்சு அதான். கொடும்பாளூர்ல ஒரு தடவை சாரத்தைப் பிடிக்கப் போனவன் இன்னும் நொண்டிக்கிட்டுத் திரியுறான். நாற்பது வருஷம் சொல்லிச் சொல்லி எனக்கு அது கால்லயே ஊறிப்போச்சு. யோசிக்கவே வேணாம், காலு தானா ரெண்டு அடி பின்னாடி போயிரும். போச்சு.

அவன் எங்கேருந்து வந்தான்னு தெரியல. தண்ணிக் கேனை அப்படியே போட்டுட்டு மேட்டுலேருந்து ஓடி வர்றான். செருப்பு ஒரு பக்கம் பறக்குது. ஒண்ணரை டன் வண்டி சார் அது! அதுக்கு முன்னாடி போய் விழுந்து, மூக்கைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, அதுகூடவே இழுபட்டுக்கிட்டு, ஒரு கையால அந்த ஹேண்ட்பிரேக்கைப் பிடிச்சு இழுக்குறான். புத்தி இருக்கிறவன் செய்யுற வேலையா அது? குட்டிச் சக்கரம் அவன் காலுமேல ஏறி நின்னுச்சு. நின்னுருச்சு வண்டி. ஓடைக்கு இன்னும் ஒரு கட்டில் நீளம்தான் பாக்கி. எலும்பு ரெண்டு இடத்துல போச்சு. வலியில கத்துறான்னு நெனச்சேன். சுகந்தி சுகந்தின்னு கத்திக்கிட்டு இருந்திருக்கான்.

ஆஸ்பத்திரியில மாவுக்கட்டு போட்டாங்க. சுகந்திக்கு ஒண்ணும் இல்லை, கட்டில்லேருந்து விழக்கூட இல்லை. பிள்ளையோட நெஞ்சுத் துடிப்பை எனக்கும் கேட்கக் கொடுத்தாங்க. குதிரை ஓடுற மாதிரி இருந்துச்சு சார். ரெண்டு நாள் வெச்சிருந்து அனுப்பினாங்க.

அவன் ஒரு வார்த்தை கேட்கல. அதுதான் எனக்கு ஆத்திரமே. ஆம்பளைன்னா திட்டணும், சண்டைக்கு வரணும். நானும் நாலு வார்த்தை பேசலாம்ல, சரிவுல நிறுத்தினியேன்னு கேட்கலாம்ல? காலை ஸ்டூல்மேல நீட்டிக்கிட்டு, மாமா சாப்பிட்டீங்களாங்கிறான். சாப்பிட்டேன்யா, சாப்பிட்டேன்.

சுகந்தி ரெண்டு வாரம் பேசாம இருந்துச்சு. வேலை பார்க்கும், சோறு போடும், மூஞ்சியைப் பார்க்காது. வண்டி உருள ஆரம்பிச்சப்பவே முழிச்சிருக்கு, ஜன்னல் வழியா பார்த்திருக்கு. நான் நின்னது, ஒதுங்கினது, எல்லாம். ஒரு நாள் காலையில தோசையை வெச்சுட்டு எதிர்ல உட்கார்ந்துச்சு. அப்பா, ஒண்ணு கேட்கணும்னுச்சு. கேளும்மான்னேன்.

"அன்னிக்கு நான் உள்ள இருந்தேன்ப்பா. பதட்டத்துல மறந்துட்டீங்க. அதானே?"

எவ்வளவு சுலபமாக் கேட்டுச்சு பாருங்க. ஆமாம்மா, மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்கும். அதுக்காகத்தான் அப்படிக் கேட்டுச்சு, எனக்கு அப்பவே தெரியும். நான் முட்டாள் இல்லை. ஆனா எப்படிச் சொல்றது? பெத்த பொண்ணை, வயித்துல பிள்ளையோட இருக்கிறவளை, மறந்துட்டேன்னு ஒரு அப்பன் வாயால சொல்லுவானா? இந்தப் பொண்ணு என்னை யாருன்னு நெனச்சுக்கிச்சுன்னு எனக்குக் கோபம் வந்துருச்சு.

"மறக்கல"ன்னேன். "நீ உள்ள இருக்கேன்னு நல்லாத் தெரியும். சாயுற சாமான்ல கை வெக்கக் கூடாது, அதான் முறை"ன்னேன்.

அழும்னு நெனச்சேன், அழல. எழுந்து போய் லேப்டாப்பைத் தொறந்துச்சு. அப்பா, அத்தை வர்றேன்னு சொல்லியிருக்காங்க, நீங்க ஊருக்குப் போயிட்டு வாங்கன்னுச்சு. சம்பந்தியம்மா முந்தாநாளு வந்து இறங்கியாச்சு. பிள்ளையை முதல்ல கையில வாங்கப் போறது அந்தம்மாதான்.

இப்பவும் சொல்றேன், நான் செஞ்சதுல தப்பு கிடையாது. தொழில் தெரிஞ்ச எவனைக் கேட்டாலும் ஒதுங்குன்னுதான் சொல்லுவான். நீங்களே சொல்லுங்களேன். சொல்லுங்க சார். என்ன, பையை எடுக்குறீங்க?

உங்க பிளேனுக்குக் கூப்பிடுறாங்க போல. கிளம்புங்க, கிளம்புங்க. அந்தப் பய மட்டும் ஒரு நிமிஷம் நின்னு யோசிச்சிருந்தான்னு வைங்க, அவனும் ஒதுங்கித்தான் இருப்பான். யோசிக்கவே தெரியாத பய சார். அவனை நம்பித்தான் என் பொண்ணை விட்டுட்டு வர்றேன்.